கன்று இல்லாத பால்

சிங்கப்பூரில் ஒரு தலைமுறையே எருமைக் கொட்டிலில் பிறந்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேகே மருத்துவமனையின் முழுப் பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் 'கண்டாங்' என்றால் கொட்டில், 'கெர்பாவ்' என்றால் எருமை. 1924 அக்டோபர் 1ஆம் தேதி 30 படுக்கைகளோடு அது இலவசப் பிரசவ மருத்துவமனையானது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 109 குழந்தைகள். ஒரே பிரசவ மருத்துவமனையில் ஒரே ஆண்டில் இத்தனை பிறப்பா என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்துகொண்டது. 1997இல் மருத்துவமனை பக்கத்தில் புதிய கட்டடத்துக்குப் போனபோதும் அந்த இரண்டு எழுத்துகளும் கூடவே போயின.

அந்த வட்டாரத்தில் மாட்டின் தடம் மருத்துவமனைப் பெயரில் மட்டும் இல்லை. தேக்காவில் பஃப்பலோ ரோடு இருக்கிறது, கெர்பாவ் ரோடு இருக்கிறது. கொஞ்சம் தள்ளி லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு. பெலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். டெஸ்கர் ரோடு இறைச்சித் தொழிலில் பணம் பார்த்தவரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் பக்கத்துத் தண்ணீரும் சதுப்பும் புல்லும் மாட்டுக்குத் தோதாக இருந்தன. மாட்டை நம்பி வண்டிக்காரர், தோல் பதனிடுபவர், கசாப்புக்காரர், பால்காரர் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பால்காரர்களில் தமிழர்களும் இருந்தார்கள், வட இந்தியர்களும் இருந்தார்கள். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று நிரூபிக்க, மாட்டையே வாடிக்கையாளரின் வாசலுக்கு ஓட்டிப்போய்க் கண்ணெதிரில் கறந்து கொடுத்தவர்களும் உண்டு.

லிட்டில் இந்தியாவைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இவ்வளவும் முதல் இரண்டு பக்கத்தில் வந்துவிடும். பிறகு மாடுகள் காணாமல் போய்விடும். சதுப்பு வற்றியது, நகராட்சியின் சுகாதார விதிகள் இறுகின, கொட்டில்கள் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டன என்று ஒரு வரி. அதோடு புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் வந்துவிடும். எனக்கு அந்த இடத்தில்தான் ஒரு கேள்வி நிற்கும். பால் வேண்டுமென்றால் மாடு ஈன வேண்டும். அப்படியானால் அந்தக் கொட்டில்களில் ஆண்டு முழுக்கக் கன்றுகளும் பிறந்துகொண்டுதானே இருந்திருக்கும்? பிறக்கும்போதே செத்த கன்றுகளும் இருந்திருக்கும். கன்று செத்தால் ஒரு பால்காரருக்கு என்ன ஆகும்?

பதில் மாட்டின் உடம்பில் இருக்கிறது.

*

திமில் வைத்த நம் ஊர் மாடு, கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகும் தன் குணத்தை விடவில்லை. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பாலை இறக்காது. முதலில் கன்றை ஊட்ட விட வேண்டும். காம்பில் பால் இறங்கியதும் கன்றை இழுத்துத் தாயின் முன்னங்காலில் கட்ட வேண்டும். தாய் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கறக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் மடியில் விட்டுக் கன்றை மறுபடி அவிழ்த்து விடுவார்கள். தமிழ்க் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும்.

ஏன் இப்படி என்று விளங்க அறிவியலுக்கு நாள் பிடித்தது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906இல் ஹென்றி டேல் கண்டார். 1910இல் ஆட்டும் ஸ்காட்டும் அதே சாறு ஓர் ஆட்டின் மடியிலிருந்து பாலைத் தள்ளுவதைக் கண்டார்கள். ஆக்ஸிடோசின் என்று இன்று நாம் சொல்வது அதுதான். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கி, 1955இல் நோபல் பரிசும் பெற்றார். கன்றை வெளியே தள்ளுவதும் பாலைக் கீழே இறக்குவதும் ஒரே சுரப்பு. பயம் வந்தால், வலி வந்தால், புது இடம் என்றால் அது தடைபடும்.

கன்று செத்தால் பால்காரர் செய்த முதல் வேலை, அதன் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்துவது. இரண்டாவது வழி கொடூரமானது. இந்திய நகரங்களில் அதற்கு 'பூக்கா' என்று பெயர். மாட்டின் பிறப்புறுப்புக்குள் குழலை விட்டுக் காற்றை ஊதுவார்கள். ஈற்றின்போது கன்று தரும் அழுத்தத்தைப் போலி செய்து உடம்பை ஏமாற்றும் வேலை அது, ஆக்ஸிடோசின் சுரந்துவிடும். 1890இலேயே இந்தியாவின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் மறுபடி தடை செய்தது. காந்தி பாலைக் கைவிட்டதற்குப் பின்னாலும் இந்தப் பழக்கம் உண்டு. கல்கத்தா மாட்டுக்காரர்கள் செய்வதைப் படித்த பிறகு 1912இல் பாலே வேண்டாம் என்று முடிவெடுத்தார். பின்னால் நோய் முற்றியபோது ஆட்டுப் பாலுக்குச் சம்மதித்தார்.

ஆகவே பழைய கொட்டிலை நான் சொர்க்கமாக வரையப் போவதில்லை. மனிதருக்குப் பால் போனபின் கன்றுக்கு மிச்சம் கொஞ்சம்தான். காளைக் கன்று என்றால் அதுவும் சந்தேகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாட்டின் உடம்பு மனிதனிடம் ஒரு நிபந்தனை வைத்தது: கன்று உயிரோடு இருந்தால்தான் சிரமமில்லாமல் பால். அன்பு இருந்ததோ இல்லையோ, ஈற்று இரவில் மாட்டுக்காரர் தூங்க முடியாது.

*

அந்த விழிப்பை நான் கேட்டு வளர்ந்தது கெடாவில் ஒரு தோட்டத்தில். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்தார். தோட்டத்தில் 'பால்' என்றால் இரண்டு அர்த்தம். காலையில் மரத்துப் பால், மாலையில் மாட்டுப் பால். முதலாவது துரைக்கு, இரண்டாவது நமக்கு என்பார். சம்பளம் போதாத மாதத்தைக் கடத்தியது இரண்டாவது பால்தான். தோட்டங்கள் பலவற்றில் இப்படி மாடு வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வம்சத்துக்குக் கால்நடைத் துறை ஒரு பெயர்கூட வைத்திருக்கிறது: உள்ளூர் இந்தியக் கறவை மாடு.

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். நம் கணக்கும் அதேதான், எருமைக்கு மட்டும் ஒரு மாதம் கூடுதல். பாட்டியிடம் நாள்காட்டிக் கணக்கு கிடையாது, கண்கணக்குதான். நான் கேட்டபோதெல்லாம் ஒரே வரிசையில் சொல்வார்.

"மொதல்ல மடி எறங்கும். காம்பு பளபளன்னு ஆகும். வால் அடியில ரெண்டு பக்கமும் குழி விழும். அது விழுந்தா இன்னிக்கோ நாளைக்கோதான். அப்புறம் கூட்டத்த விட்டு ஒதுங்கும். படுக்கும், எந்திரிக்கும், மறுபடி படுக்கும். வயித்தத் திரும்பிப் பாக்கும். வால தூக்கியே வச்சிருந்தா தூங்கப் போவாத."

அன்றைக்கு மாட்டைக் கட்டிப்போட மாட்டார். இடம் மாற்றவும் மாட்டார். அது எந்த மூலையைத் தேர்ந்தெடுக்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு, தள்ளி உட்கார்ந்துகொள்வார். யாராவது விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் திட்டு விழும். "மூஞ்சில வெளிச்சம் காட்டாத. அது நின்னுரும்." நின்றுவிடும் என்றால் வலி நின்றுவிடும்.

பனிக்குடம் உடைந்த பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதற்கும் ஓர் அளவு வைத்திருந்தார். "ஒரு எம்ஜிஆர் படம் ஓடி முடியிறதுக்குள்ள கன்னு வந்துரணும். வல்லன்னா ஆள கூப்புடு." தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கை வைக்கக் கூடாது. குளம்பு மேலே பார்த்திருந்தால் பின்னங்கால் முதலில் வருகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். கால் வந்து தலை வராவிட்டாலும் கூப்பிட வேண்டும். தலையீத்துக்காரிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கலாம். ஆனால் அவளிடமிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

ஒருமுறை கன்று செத்தே பிறந்தது. தாத்தா தோலை உரித்தார். தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? காய்ந்த லாலாங் புல்லைத் திணித்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் கொடுத்தது. "மாடு ஏமாந்துடுச்சா பாட்டி?" என்று கேட்டேன். "அதுக்குத் தெரியாமயா இருக்கும்? வாசத்துக்கு நக்குச்சு. நமக்குக் கடையில கடன் இருந்துச்சு" என்றார். அவர் குரலில் குற்றவுணர்வும் இல்லை, கதை சொல்லும் சுவாரஸ்யமும் இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு அதிகாலையில் பெரட்டுக்குப் போய் நின்றதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

*

சிங்கப்பூரில் இன்னொரு வகை மாடு வந்து இறங்கியது. 1930 வாக்கில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனத்தினர் புக்கிட் தீமா பக்கம் ஒரு பண்ணை தொடங்கினார்கள். அதில் கட்டியவை கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் மாடுகள். டெய்ரி ஃபார்ம் ரோடு என்ற பெயர் அந்தப் பண்ணையால் வந்தது. ஐரோப்பிய இனங்களைப் பல தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில், கன்று இல்லாமலே பாலை இறக்கும் குணம் அவற்றில் படிந்துவிட்டது. வாளிச் சத்தமும் கறப்பவர் கையும் போதும். பிறந்த கன்றை உடனே பிரித்துவிடலாம். செத்துப் பிறந்தாலும் கறவை நிற்காது. ஈன்றதே போதும், கன்று அவசியமில்லை.

இதே ஊரில் இதே காலத்தில் மனிதக் குழந்தைகளுக்கும் ஒன்று நடந்தது. டப்பாவில் வந்த இனிப்பூட்டிய பால், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்பட்டது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. குழந்தைகளை அந்தப் பாலால் சாகவிடுவதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார். பாலைக் கன்றிடமிருந்து பிரிப்பதும் குழந்தையைத் தாயின் பாலிலிருந்து பிரிப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டும் ஒரே சந்தையில் நடந்தன. பால் அங்கே ஓர் உறவிலிருந்து கழன்று தனிப் பண்டமானது.

மலேசியத் தோட்டங்களுக்கு அந்த மாற்றம் பிறகுதான் வந்தது. 1970களில் அரசாங்கம் சாஹிவாலும் ஃப்ரீசியனும் கலந்த மாடுகளை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து இறக்குமதி செய்து சிறு வளர்ப்பாளர்களுக்குக் கொடுத்தது. பால் சேகரிப்பு மையங்கள் திறந்தன. ஜொகூர் குளுவாங்கில் இருக்கும் கால்நடை நிலையத்தில் 'மாஃப்ரிவால்' என்ற மலேசியக் கலப்பினத்தை உருவாக்கினார்கள். சினை ஊசி தோட்டம் வரைக்கும் வந்தது. கெட்ட காரியம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். லயத்துப் பிள்ளைகள் சிலரைப் படிக்க வைத்த பால் அது.

என் மாமா ஒருவர் அப்படி ஒரு மாடு வாங்கினார். பாட்டியின் மாட்டைவிடப் பல மடங்கு கறந்தது. அதன் ஈற்று இரவில் பாட்டி வழக்கம்போல் பாயைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனபோது மாமா சொன்னாராம்: "கன்னு செத்தாலும் இது பால் குடுக்கும்மா. எதுக்கு நீ முழிச்சிக்கிட்டு கெடக்குற?"

என்னுடைய பார்வையில் நூறு வருட மாற்றம் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது. மாமா கெட்டவர் இல்லை. மாட்டின் உடம்பு வைத்திருந்த நிபந்தனை போய்விட்டது, அவர் அதைச் சொன்னார், அவ்வளவுதான்.

*

நிபந்தனை போன பிறகு கன்றுக்கு என்ன ஆனது? இதற்கு எண்கள் இருக்கின்றன, ஆனால் நம் தோட்டங்களிலிருந்து அல்ல. உலகத்துக்கே கறவை இனத்தின் விந்து அனுப்பும் அமெரிக்காவிலிருந்து. அங்கே ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் மாடுகளின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. 1985இல் முதல் ஈற்று மாடுகளின் கன்றுகளில் 9.5 விழுக்காடு செத்துப் பிறந்தன. 1996இல் அது 13.2 விழுக்காடு. பல ஈற்றுக் கண்ட மாடுகளில் 5 விழுக்காடாக இருந்தது 6.6 ஆனது. மருந்தும் மருத்துவரும் ஸ்கேன் கருவியும் பெருகிய பதினோரு ஆண்டுகளில் இறப்பு கூடியிருக்கிறது. முதல் ஈற்றில் ஏறத்தாழ எட்டுக்கு ஒரு கன்று.

செத்துப் பிறந்தது என்று எழுதினாலும் இவற்றில் பெரும்பாலானவை வலி தொடங்கும்போது உயிரோடு இருந்தவை. நோயாலும் சில போகும். ஆனால் வழக்கமான காரணம் மூச்சுத் திணறல். கன்று பெரிது, இடுப்பு சிறிது. அல்லது கால் மடங்கி, தலை திரும்பிக் கிடக்கும். ஈற்று நீள நீளக் கன்றுக்குக் காற்று குறையும். பெரிய இனத்துக் காளையின் விந்தைச் சின்ன மாட்டுக்குப் போட்டால் இந்த ஆபத்து கூடும். தலையீத்துக்காரிக்கும் காளைக் கன்றுக்கும் இரட்டைக்கும் கூடுதல். நேரத்தோடு ஓர் ஆள் பார்த்துக் கை கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவை இவற்றில் நிறைய. அவசரப்பட்டு முன்கூட்டியே இழுத்தாலும் தாய்க்கும் கன்றுக்கும் கேடு. எப்போது போக வேண்டும் என்று தெரிவதுதான் முழு வித்தை.

அதனால்தான் ஆய்வாளர்கள் இப்போது ஈற்றுக்கு முந்தைய மாட்டை மறுபடி உற்றுப் பார்க்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஈற்றுச் சிக்கலான மாடுகள் சிக்கல் இல்லாதவற்றைவிட அதிக முறை நின்று நின்று படுத்தன. அந்த வித்தியாசம் ஈற்றுக்கு 24 மணி நேரம் முன்பே தெரிந்தது. தீனியும் குறைவாகத் தின்றன. 2013இல் வந்த இன்னோர் ஆய்வில், வலி முற்றிய நேரத்தில் வேறு தொழுவத்துக்கு ஓட்டப்பட்ட மாடுகள் படுப்பதைக் குறைத்துக்கொண்டன, ஈற்றும் நீண்டது. முன்கூட்டியே மாற்றியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. மறைவான இடம் கொடுத்தால் மாடு ஒதுங்கிப் போய் ஈனுகிறது என்பதையும் அதே வட்டத்தினர் காட்டியிருக்கிறார்கள். பனிக்குடம் தெரிந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் உதவிக்குப் போ என்பது இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

படித்தபோது சிரித்தேன். எம்ஜிஆர் படம் இரண்டரை மணி நேரம். பாட்டி கொஞ்சம்தான் தாராளம்.

ஆனால் "அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்கள்" என்று முடிக்க எனக்கு விருப்பம் இல்லை. பாட்டிக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு மாடு. எத்தனையில் எத்தனை சாகிறது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. தன் கை தவறியதா, காளை தவறா என்று பிரிக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான ஈற்றுகளை எண்ணி வைத்ததால்தான் இறப்பு கூடுகிறது என்றே நமக்குத் தெரிந்தது. இனவிருத்திக் காளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பாலோடு சேர்த்து எளிதான ஈற்றையும் கன்று பிழைப்பதையும் பல நாடுகள் இப்போது கணக்கில் எடுக்கின்றன. அது எண்ணிப் பார்த்ததால் வந்த நன்மை.

எண்ணுவதால் வராதது ஒன்றும் இருக்கிறது. இப்போது மாட்டின் வாலில் கட்டும் உணர்கருவி விற்கிறார்கள். வால் அசைவைப் படித்து, ஈற்று நெருங்கினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். வாலைத் தூக்கியே வைத்திருந்தால் தூங்கப் போகாதே என்று பாட்டி சொன்னதுதான். செய்தி இரவு மூன்று மணிக்கு வரும். எழுந்து போக ஒரு மனிதருக்குக் காரணம் வேண்டும். பாட்டிக்கு அந்தக் காரணத்தை மாட்டின் உடம்பே கொடுத்தது. இனி அதைச் சட்டமோ விலையோ மனசாட்சியோதான் கொடுக்க வேண்டும்.

திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியை அடித்தது என்ற கதையைச் சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். அரசன் மகனைத் தேர்க்காலில் இட்டதைப் பெரிதாகச் சொல்லுவார்கள். எனக்கு இப்போது அந்த மணிதான் முக்கியமாகப் படுகிறது. அடிக்க ஒரு மணி இருந்தது, கேட்க ஒரு வீடு இருந்தது. புக்கிட் தீமாவின் பழைய பண்ணை இன்று இயற்கைப் பூங்கா. அதன் மாட்டுக் கொட்டில்களில் ஒன்றைப் பழுது பார்த்துக் கல்வி மையமாக்கி, வாலஸ் என்ற இயற்கையியலாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பறவைகளையும் பூச்சிகளையும் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே கட்டியிருந்த மாடுகள் எப்படி ஈன்றன, அந்த இரவுகளில் யார் விழித்திருந்தார்கள் என்பதையும் யாராவது ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.